ஆனையிறவில் ஒரு டைனமோவுக்கு இடமுண்டா?

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரனை ஆனையிறவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஏ-9 வீதியோரம் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள, இரும்புத் தகடுகளால் கவசமிட்ட புல்டோசரைச் சுற்றிச் சுற்றி வந்தவன், "அம்மப்பா, இதையும் வீட்டிலயே செய்தவை?" என்று கேட்டான்.

'இதையும்' என்றதற்குக் காரணம் உண்டு. காசு போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் கட்டுப்பாட்டுப் பலகையை அவன் வீட்டில் தானே செய்து வைத்திருக்கிறான். பிளைவுட்டில் துளையிட்டுப் பொத்தான்களும், நான்கு சிறு சுவிட்சுகள் கொண்ட ஜோய்ஸ்ரிக்கும் பொருத்தி, பழைய கீபோட் ஒன்றின் சுற்றுப்பலகையோடு இணைத்தானாம். மூன்று பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் அழுத்தாத நான்காவதும் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்றாம். கீபோட்டின் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டிருப்பதால் வரும் கோளாறு அது.

புல்டோசருக்கு வருகிறேன். 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கிய புலிகள் அதைக் கவச வாகனமாக மாற்றியிருந்தனர். குண்டுகளோடு அதன்மேல் ஏறி உயிர்விட்ட காமினி குலரத்னவுக்குப் பரம வீர விபூஷணய விருது வழங்கப்பட்டது. அந்தச் சமரில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதை நினைவுகூருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த மண்ணில் கைவேலையாகச் செய்தவற்றுள் பார்வைக்கு எஞ்சியது கொல்லப் புறப்பட்ட ஒன்றுதானா என்பதே என் மனக்குறை.

1990இல் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின்சாரம் எடுத்தோம். டைனமோ தருவது ஆடலோட்டம். டயோட் இல்லாமல் றேடியோ பாடாது, மின்தேக்கி இல்லையென்றால் இரைச்சலே மிஞ்சும். மின்னியல் படியாத மனிதர்கள் இதைப் பட்டறிவால் கற்றனர். இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசை தொடங்கினால் சுற்றுபவர் களைத்துப்போகக் கூடாது; செய்தி இழுபடும்! ஜாம் போத்தலில் பஞ்சடைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாங்கள் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சிட்டோம்.

அந்த டைனமோக்கள் இன்று பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சுற்றியவர்களுக்கும் வயதாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கே ஓர் அறையை ஒதுக்கி, இப்பொருட்களைச் சேர்த்து, செய்தவர்களின் வாயாலேயே செய்முறையைப் பதிவு செய்தால் என்ன? வறுமையைக் காட்சிப்படுத்துவதா என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். வறுமையை அல்ல ஐயா, வழி கண்ட மூளையைத்தான் காட்டச் சொல்கிறேன்.

வீடு திரும்பியதும் கொட்டிலில் கிடந்த என் பழைய டைனமோவைத் தேடி எடுத்தேன். பேரன் துருவைச் சுரண்டி, சைக்கிளைக் கவிழ்த்து, சிறு பல்ப் ஒன்றை இணைத்தான். எரிந்தது. "றேடியோவுக்கு டயோட் எந்தப் பக்கம் போடுறது, அம்மப்பா?" என்றான். எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு முதியவரைக் கூப்பிட்டோம்.