திறக்காத பக்கம் வெளியீடு ஆகாது

"உலாவியைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமே!" இணைய இதழ்களை வடிவமைக்கும் நண்பர்களிடம் நாம் முறையிடும்போதெல்லாம் கிடைக்கும் விடை இதுதான். இவ்விடையில் உள்ள அலட்சியத்தை மறுப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

மண்ணூர், ஒரகடம் பகுதிகளிலிருந்து வரும் நம் மாணவர் பலர், ஆலைப் பணிக்குச் செல்லும் அண்ணனோ அக்காவோ பயன்படுத்திக் கழித்த கைப்பேசியில்தான் சிறுகதை படிக்கின்றனர். ஆண்ட்ராய்டு 7 கொண்ட கருவிகளுக்குக் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. புதுப்பிக்க வழியற்றவரிடம் புதுப்பிக்கச் சொல்வது அறிவுரையன்று, வாயிற்கதவை அடைப்பது.

இந்தப் பாடத்தைத் தமிழர் முன்பே படித்திருக்கிறோம். 1990களின் இறுதியில் இதழ்கள் தத்தமக்கென ஒரு குறியாக்கமும் இயங்கு எழுத்துருவும் வைத்திருந்தன. எக்ஸ்புளோரருக்கு ஒரு கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறொன்று. அவ்வுலாவிகள் மறைந்ததும் அப்பக்கங்கள் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாயின. மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் எளிய பக்கங்களாக நூல்களை வெளியிட்டது. அவற்றில் அலங்காரமில்லை, இன்றும் திறக்கின்றன.

திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. அக்காலத்து எளிய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. ஆயினும் ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றினால், தமிழ் எழுத்துகள் படமாக வந்து சேரும். வலைப்பதிவுகளை அப்படிப் படித்தவர் நம்மில் பலர். பக்கம் எளிய உரையாக இருந்ததால்தான் அது இயன்றது.

பழைய உலாவிகள் பாதுகாப்பற்றவை என்பர். உண்மை. வங்கித் தளத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவை. பாதுகாப்பு நெறிகளைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. ஆனால் கடவுச்சொல்லே கேட்காத ஒரு கவிதையைக் காட்ட, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மூட்டை முழுவதும் இறங்கி ஓடவேண்டும் என்பது பாதுகாப்பா, பகட்டா?

தீர்வு புதிதன்று. 'படிப்படியான மேம்பாடு' என்னும் கருத்தை ஸ்டீவ் சாம்பியன் 2003லேயே முன்வைத்தார். முதலில் உரை, ஒருங்குறியில், எளிய எச்டிஎம்எல்லாக வழங்கியிலிருந்தே வரட்டும். அதன்மேல் வண்ணமும் வடிவமும், இறுதியில் நிரல். உலாவி தனக்குப் புரியாத குறியை விட்டுவிட்டு உள்ளிருக்கும் உரையைக் காட்டும். வலையின் அடிப்படை ஏற்பாடே அது. அதைக் கெடுப்பவர் நாமே.

அடுத்த இதழை வலையேற்றுமுன், நிரலை நிறுத்திவிட்டு ஒரு பழைய கைப்பேசியில் திறந்து பாருங்கள். வெற்றுத்திரை தெரிந்தால், உங்கள் இதழ் இன்னும் வெளிவரவில்லை என்று பொருள்.