நான் பிரதமரானால்!

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தோம். இளைஞர் ஒருவர் என்னைச் சீண்டினார்: "கிராணியாரே, நீங்க பிரதமரானா மொதல்ல என்ன செய்வீங்க?" கொல்லென்று சிரிப்பு. செக்ரோல் எழுதுகிறவனுக்கு நாடாளும் ஆசையா என்றார் இன்னொருவர்.

சிரிக்கட்டும். என் பதில் இதுதான். தோட்டத் தொழிலாளியின் வேலையையும் வீட்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கயிற்றை முதல் வாரத்திலேயே அறுப்பேன்!

சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தீர்களா, தோழர்களே? சம்பளத்துக்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கியது, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. போதாது, போராடுவோம். ஆனால் வீடு? "இலவச வீடு தருகிறோமே" என்று நிர்வாகம் மார்தட்டுகிறது. இலவசமாம்! மரத்துக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் விடியுமுன் பெரட்டுக்கு வர முடியும் என்பதற்காகக் கட்டிய லயம் அது. மாட்டுக்குக் கொட்டில் போட்டவன் மாட்டிடம் நன்றி கேட்கிற கதை!

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். தோட்டம் கைமாறுகிறது, மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது வாசகம். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய அம்மாள் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். படித்துச் சொன்னேன். அழவில்லை, கூச்சல் போடவில்லை. "தம்பி, பொறவாசல்ல முருங்கை இப்பத்தான் காய் புடிச்சிருக்கு, அத என்ன பண்றது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடிதத்தின் அடியில் என் சுருக்கெழுத்தும் இருந்தது. நான் குடியிருப்பதும் நிர்வாகத்தின் வீடுதான். எனக்கு வரப்போகும் கடிதத்தை வேறொரு கிராணி தட்டச்சு செய்வார்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளியின் குடியிருப்பில் தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும் என்கிறது. நல்லது. அந்தக் குடியிருப்பு அவனுக்கே சொந்தமாக வேண்டும் என்று ஒரு வரி அதில் உண்டா? வேலைநீக்க நட்டஈட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். என் தொழிலே கணக்குத்தானே, போட்டுப் பார்த்தேன். முப்பது ஆண்டுக்கு 600 நாள். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஏறக்குறைய 33,500 வெள்ளி. இதைக் கொண்டு இன்று வீடு வாங்குவதா? முன்பணம் கட்டி, வழக்கறிஞருக்குக் கொடுத்தால் தீர்ந்தது. மீதிக்குக் கடன் கேட்டு ஐம்பத்தைந்து வயதுக்காரர் எந்த வங்கிப் படியேறுவார்? வயதாகி ஓய்வு பெற்று வெளியேறுகிறவருக்கு அந்த நட்டஈடும் கிடையாது. புது முதலாளி அதே சம்பளத்தில் வேலை தருகிறேன் என்றாலும் கிடையாது.

இது புதிய நோயன்று. 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்ட கொடுமையைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியால் தோட்டம் வாங்கினார். அரசாங்கமோ 1956இலேயே பெல்டாவை அமைத்துக் காட்டைத் திருத்தி, நிலமற்ற குடியானவருக்கு வீடும் நிலமும் கொடுத்தது. பாராட்டுகிறேன். வீட்டோடு நிலம் கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. தோட்டத்து லயத்துக்கு மட்டும் அந்தக் கை ஏன் நீளவில்லை?

ஆகவே என் சட்டம் இப்படி இருக்கும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற விண்ணப்பம் போடுகிறாயா? போடு. பத்தாண்டு அங்கே குடியிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓய்வு பெற்றவர் உட்பட, அதே நிலத்தில் பட்டாவோடு ஒரு வீடு. அது கட்டி முடியும் வரை அனுமதி இல்லை!

"நிலம் மாநில அதிகாரம், பிரதமர் என்ன செய்ய முடியும்?" என்று படித்தவர் ஒருவர் கேட்பார். அரசியலமைப்பின் 91ஆம் விதியில் தேசிய நில மன்றம் இருக்கிறது. அது வகுக்கும் கொள்கையை மாநிலங்கள் பின்பற்றியாக வேண்டும். நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வாரிய அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டமே 214ஏ பிரிவில் சொல்கிறது. கதவு இருக்கிறது, தட்ட ஆளில்லை.

பணம் எங்கே என்பார்கள். ஏக்கர் கணக்கில் வாங்கிய நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறதே, அந்த வித்தியாசத்தில் இருக்கிறது பணம்!

தமிழ்ப்பள்ளிக்கும் இதே வைத்தியந்தான். தனியார் நிலத்தில் நிற்கிறது என்ற காரணத்தாலேயே பகுதி உதவிப் பள்ளியாகத் தேய்வானேன்? அந்த நிலமும் பள்ளியின் பெயருக்கு மாறட்டும். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு நிரை பிடிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சம்பளம், ஒரே சட்டம்; அவரை மலிவாக வைத்தால் நம்மையும் மலிவாக்குவார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தொழிற்சங்கத்தார் நாமும் இதில் பிழை செய்தோம். காசுக்கும் கிலோவுக்கும் மேசையைத் தட்டினோம், கூரைக்குத் தட்டவில்லை. லயம் என்றும் இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

நான் பிரதமராகப் போவதில்லை. ஆகப் போகிறவர்களின் ஆட்கள் தேர்தல் வந்தால் நம் லயத்துக்கு வருவார்கள், மாலையோடும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடும். பொட்டலத்தை வாங்கிக் கொள்ளுங்கள், குற்றமில்லை. "தோட்டம் கைமாறினால் இந்த வீடு யாருக்கு?" என்று கேளுங்கள். பதிலைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கோப்பு ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். இதுவரை அதில் ஒரு தாளும் இல்லை.