பிள்ளைகளின் வயிற்றுவலி

வயிற்றுவலியென்று வகுப்பைவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுள் பலருக்கு மலச்சிக்கலே காரணமென்பது நம் கருத்து. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் பெற்றோர் வரக்கோப்பியும் பிஸ்கட்டும் வைத்துப் போகின்றனர். இடைவேளையிலோ மீயும் சீனித்தண்ணீரும். நார்ச்சத்து எங்கே? நாரே நீரைப் பிடித்து மலத்தை இளக்குவது. அது குறைந்தால் பெருங்குடலில் மலம் வறண்டு இறுகும். விளக்கெண்ணெய் கொடுத்தால் அன்று கழியும். மறுவாரம் பழைய கதைதான். லயத்து வேலியில் முருங்கை தழைத்திருக்க, கொல்லையில் பப்பாளி பழுத்திருக்க, மருந்தைத் தேடுவானேன்? உணவுத்தட்டில் பாதி காய்கனியாய் இருத்தல் வேண்டுமென மலேசியச் சுகாதார அமைச்சும் கூறுகின்றது. வாந்தியோ காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ கண்டால் தாமதியாது மருத்துவரிடம் காட்டுக.

மற்றொன்றும் உண்டு. பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல வெட்கி அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உளர். அடக்க அடக்க மலம் மேலும் இறுகும். பசியாறியபின் 10 நிமிடம் வீட்டிலேயே உட்காரச் செய்யுங்கள். பள்ளியில், பிள்ளை கேட்டவுடன் அனுப்புமாறு ஆசிரியர்களைப் பணித்துள்ளோம்.