ஒரு 'மே'வுக்கா இத்தனை ரகளை?

மொழிப் போராட்டம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒரு மேதாவி இப்படி ஆரம்பிப்பார்: "மே-ன்னு போட்டா என்ன, ஷல்-ன்னு போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே. ஒரு வார்த்தைக்காகவா 1963-ல பார்லிமென்ட்ல அவ்வளவு சண்டை போட்டாங்க?" சுற்றி இருப்பவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் 'மே' பற்றிப் பலருக்கும் மனதில் தங்கியது ஒரே ஒரு வரிதான். 'மே ஐ கமின் சார்?' அத்தோடு கதை முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, ஆனால் செய்கிற வேலை கொஞ்சமல்ல. 'யூ மே கோ' என்றால் அனுமதி. 'இட் மே ரெயின்' என்றால் மழை பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும். 'மே யூ லிவ் லாங்' என்றால் ஆசீர்வாதம். (மே மாதம் வேறு வம்சம். ஆபத்தில் சிக்கிய விமானி ரேடியோவில் கத்தும் 'மேடே'யும் வேறு. அது உதவி கேட்கும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது, மே தினத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லுக்கு 'முடியும், வலு இருக்கிறது' என்றுதான் பொருள். வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். அதாவது செய்கிறவனுடைய பலத்தைச் சொல்லப் பிறந்த வார்த்தை இது. நாளாக ஆக, அனுமதி கொடுக்கிறவனுடைய பலத்தைச் சொல்வதாக மாறிவிட்டது.

'நாட்' சேர்த்தால் இன்னும் மோசம். 'யூ மே நாட் கோ' என்றால் போகக்கூடாது. 'ஹி மே நாட் கோ' என்றால் பெரும்பாலும் அவன் போகாமல் இருந்தாலும் இருக்கலாம். ஒன்று தடை, இன்னொன்று சந்தேகம், வார்த்தை ஒன்றே. தமிழில் 'லாம்' கொஞ்சம் வழுக்குகிற விகுதிதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிர்மறையில் 'போகக்கூடாது', 'போகாமலிருக்கலாம்' என்று தமிழ் தெளிவாகப் பிரித்துவிடும். ஆங்கிலம் பிரிக்காமல் கேட்பவன் தலையில் கட்டும்.

வகுப்பறையில் இதெல்லாம் வேடிக்கை. கையெழுத்துப் போடும் இடத்தில் வேடிக்கை இல்லை. ஏதாவது ஒரு வங்கிக் கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வங்கி வட்டியை மாற்றுவது பற்றிச் சொல்லும் இடத்தில் 'மே' இருக்கும். கடன் வாங்கியவர் தவணை கட்டுவது பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஷல்' இருக்கும். வலுத்தவனுக்கு 'மே', இளைத்தவனுக்கு 'ஷல்'. போனில் புதிதாக ஒரு செயலியை இறக்கும்போது படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அமுக்குகிறோமே, அதிலும் உங்கள் தகவலைப் பிறருக்குக் கொடுப்பது பற்றிய வரியில் பதுங்கியிருப்பது இந்த 'மே'தான். கொடுப்பார்களா மாட்டார்களா? இரண்டுக்கும் இடமுண்டு, முடிவு அவர்கள் கையில்.

சரி, 1963-க்குப் போகலாம். (இந்த 'லாம்' அனுமதியும் இல்லை, சந்தேகமும் இல்லை, அழைப்பு!)

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் மேதாவிகள் முதலில் அரசியல் சாசனத்தின் 343-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். இந்திதான் மத்திய அரசின் ஆட்சிமொழி என்று சொல்லும் முதல் உட்பிரிவில் இருப்பது 'ஷல்'. சாசனம் அமலுக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு, அதாவது 1965 ஜனவரி 26 வரை, ஆங்கிலம் தொடரும் என்று சொல்லும் இரண்டாவது உட்பிரிவிலும் 'ஷல்'. அதன் பிறகும் ஆங்கிலத்தைத் தொடர வழி செய்ய 1963-ல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சாசனத்தில் இருந்த அதே 'தொடர்ந்து பயன்படுத்தப்படும்' என்ற தொடர்தான் இதிலும். ஒரே ஒரு மாற்றம். 'ஷல்' இருந்த இடத்தில் 'மே'.

இரண்டும் ஒன்று என்றால் எதற்கு மாற்ற வேண்டும்? சாசனம் எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது, மசோதா எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது நம் மேதாவிக்கு மட்டும்தான்.

பார்லிமென்டிலும் இதைத்தான் கேட்டார்கள். அப்போது ராஜ்யசபாவில் இருந்த அண்ணாவும், மக்களவையில் பிராங்க் அந்தோணி போன்றவர்களும் 'மே' என்பதற்குள் 'தொடராமலும் போகலாம்' ஒளிந்திருக்கிறது என்று பயந்தார்கள். அந்த இடத்தில் இரண்டுக்கும் தமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார் பிரதமர் நேரு. வித்தியாசம் இல்லையென்றால் 'ஷல்' என்றே போட்டுவிடுங்களேன் என்றது எதிர்த்தரப்பு. போடவில்லை. 'மே'யோடு நிறைவேறிய சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1963 மே 10 (மே மாதத்துக்கே உரிய குசும்பு!).

நேரு ஏமாற்றினார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-லேயே வாக்குறுதி கொடுத்தவர் அவர். அனுமதியோடு ஒரு கடமையும் சேர்ந்திருக்கும்போது 'மே'யை 'ஷல்' போலவே நீதிமன்றங்கள் படித்த வழக்குகளும் உண்டு. ஆனால் அது நீதிபதி எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. வாக்குறுதியோ கொடுத்தவரைப் பொறுத்தது. நேரு 1964 மே 27-ல் மறைந்தார். சட்டப் புத்தகத்தில் மிச்சமிருந்தது அவருடைய நல்ல மனசு இல்லை, அந்த மூன்றெழுத்துதான். 1965 ஜனவரியில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது எத்தனை உயிர் போனது, எத்தனை குடும்பம் அழுதது என்பதைத் தெரிந்துகொண்டும் 'ஒரு வார்த்தைக்காகவா' என்று ஒருவர் சிரித்தால், அவருக்கு இலக்கணம் மட்டும் இல்லை, வேறு சிலதும் போதவில்லை.

அதே நேரம், 'ஷல்' கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சாசனத்தின் 320-ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே இருப்பது சாட்சாத் 'ஷல்'தான். 1957-ல் மன்போதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது கட்டாயமில்லை, கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று சொல்லிவிட்டது. 'ஷல்'லுக்கும் முதுகெலும்பு சில சமயம் வளையும்.

1967 தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தோற்ற பிறகு, இந்திரா காந்தி ஆட்சியில் சட்டத்தைத் திருத்தினார்கள். 1968 ஜனவரியில் அமலான அந்தத் திருத்தம்தான் உருப்படியான வேலையைச் செய்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலத்துக்கு 'ஷல்' வந்தது. அதைவிட முக்கியம் 3(5) என்ற புது உட்பிரிவு. அந்த மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாமே தீர்மானம் போட்டு, பிறகு பார்லிமென்டின் இரு சபைகளும் தனித்தனியாகத் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நிறுத்த முடியும். ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் நடக்காது. யார் சம்மதிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிப் போட்ட பூட்டு இது.

பூட்டிலும் ஒரு ஓட்டை உண்டு. 3(5) காவல் காப்பது மத்திய அரசின் அலுவல்களுக்கான (அ) பகுதியையும் அடுத்து வரும் உட்பிரிவுகளையும்தான். பார்லிமென்ட் நடவடிக்கைகளில் ஆங்கிலம் தொடர்வது பற்றிய (ஆ) பகுதி அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு பகுதிகளுக்கும் தலைவரியாக 1963-ல் எழுதிய அந்த 'மே', திருத்தத்துக்குப் பிறகும் இன்றுவரை அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.