நாலு மாடி, ஒரு சிலிண்டர், பத்து ரூபாய்

மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு. போன சனிக்கிழமை வேலை, ஆற்றல், திறன் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். என்சிஇஆர்டி புத்தகத்தில் பல வருஷம் இருந்த கணக்கு ஒண்ணு: ஒரு போர்ட்டர் 15 கிலோ பெட்டியைத் தூக்கி 1.5 மீட்டர் உயரத்தில், தலைமேல் வைக்கிறார். செய்த வேலை 225 ஜூல்.

"அதோட பிளாட்பாரம் பூரா நடந்தா?"

பூஜ்யம். விசை மேல்நோக்கி, நகர்வது பக்கவாட்டில்.

"அநியாயம்பா இது!"

அப்போ பார்த்து சிலிண்டர் வந்தது. மான்குர்த்தில் நாங்க இருப்பது லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், நாலாவது மாடி. கொண்டு வந்தவர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு "சௌத்தா மாலா ஹை, சாப்" என்றார். அதாவது, மேல பத்து ரூபாய். டெலிவரி சார்ஜ் பில்லிலேயே இருக்கு, தனியா எதுக்கு என்பது என் நெடுநாள் கொள்கை. சொல்லியும் விட்டேன். அவர் பேசாமல் காலி சிலிண்டரைத் தோளில் போட்டுக்கிட்டு இறங்கினார்.

மகள் நோட்டைத் திருப்பினாள். "இவருக்கு எவ்வளவு ஜூல்பா?"

சரி, போட்டுப் பார்ப்போம். எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து சுமார் 30 கிலோ. உயரம் 12 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் 3,600 ஜூல். ஆனா சிலிண்டர் தானா ஏறலையே? தூக்கியவரும் ஏறினார். அவர் 60 கிலோ என்றால் இன்னொரு 7,200. மொத்தம் 10,800 ஜூல். ஒரு நிமிஷத்தில் ஏறினால் 180 வாட். ரெண்டு பழைய சீலிங் ஃபேன் ஓடும், கால் குதிரைத்திறன் கிட்ட வரும்.

ஆக, மூணில் ரெண்டு பங்கு வேலை அவர் தன் உடம்பைத் தூக்கியதுதான். சிலிண்டர் கணக்கில் கூலி கொடுத்தால் அது எங்கேயும் வராது.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவன். ஆனா கணக்கு இன்னொண்ணும் சொல்லுது. ஒரு யூனிட் கரண்ட் 36 லட்சம் ஜூல். அதாவது இவர் 333 தடவை நாலு மாடி ஏறினால்தான் ஒரு யூனிட்! ஜூலுக்குக் கூலி என்று போனால் அவருக்குப் பைசாதான் மிஞ்சும். அதனால ஃபிசிக்ஸை வெச்சுக் கூலி நிர்ணயிக்க முடியாது என்பது என் கட்சி. கூலி மூட்டுக்கு, முதுகுக்கு, ஐம்பது வயசுக்கு மேல ஏற முடியாமப் போகும் நாளுக்கு.

இதை இந்த ஊர் ஏற்கெனவே ஒத்துக்கிட்டிருக்கு. மான்குர்த் தாண்டி பாலம் கடந்தால் வாஷி மொத்தச் சந்தை. அங்கே மூட்டை சுமக்கிற மாத்தாடிகளுக்கு மகாராஷ்டிராவில் 1969-லேயே தனிச் சட்டம் வந்தது, அண்ணாசாகேப் பாட்டீல் போன்றவர்கள் போராடி. சரக்குக்காரர் கூலியோடு லெவியும் வாரியத்தில் கட்டணும். பி.எஃப், போனஸ், லீவு சம்பளம் எல்லாம் அதிலிருந்து. சந்தையில் பிளாட்பாரம் நடப்பது பூஜ்யம் இல்லை.

சிலிண்டர் தூக்குபவருக்கும் மாடிக்கு இவ்வளவு என்று ஏஜென்சியே கூலியில் சேர்க்கணும், கூடவே பி.எஃப். வாசலில் நின்னு கேட்க வைப்பது அவருக்கும் அவமானம், எனக்கும்தான். அது வரைக்கும் பத்து ரூபாய்க்கு நான் சட்டம் பேசப் போவதில்லை.

பி.கு: "இறங்கும்போது எவ்வளவு?" என்று மகள் கேட்டாள். பாடத்தின்படி நெகட்டிவ். அதை அவரிடம் சொல்லிடாதீங்க!