எழுதி வைக்காத மேஸ்திரி

34 வருஷம் கோப்பு கட்டிய குமாஸ்தாவுக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் என் தங்கை மகன் போன மாதம் போன் செய்தான். "மாமா, நம்ம மில்லிங் மெஷின்ல நாலஞ்சு பித்தளைத் தகடு இருக்கு. எல்லாம் பிரெஞ்சு. வந்து படிச்சுச் சொல்றீங்களா? இல்லேன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றான்.

ஒரு பஞ்சாலைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அவன் அப்பா எடுத்த மெஷின் அது. பிரான்சில் செய்தது. கூட வந்த புத்தகம் எதுவும் இல்லை. அதன் உள்விவரம் தெரிந்தவர் பெரிய மேஸ்திரி ஒருவர்தான். அவரும் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கியர் பாக்ஸில் கரகரவென்று சத்தம். அரை மணி ஓடினால் கை வைக்க முடியாத சூடு. முழுதாகப் பிரிக்க வேண்டும், பல்சக்கரம் போயிருந்தால் கிடைக்காது என்று வந்து பார்த்தவர் சொல்லிவிட்டார். இரண்டு பையன்களுக்கு அந்த மெஷின்தான் சோறு போடுகிறது.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பையன். அந்தப் படிப்பு ஆபீசில் பழைய பத்திரங்களைப் படிக்க உதவியது. மெஷினைப் படிக்கவும் உதவும் என்று நினைத்ததில்லை.

மண்ணெண்ணெய்த் துணியால் தகடுகளைத் துடைத்தோம். ஒன்றில் 'அவான்ஸ்', அதாவது மேஜை நகரும் வேகம். இன்னொன்றில் எண்ணெய் விடும் இடங்கள். மோட்டார் மூடிக்கு மேலே ஓர் அம்புக்குறி, அடியில் 'ஸான்ஸ் தெ ரொத்தாஸியோன்'. "சான்ஸா சார்?" என்றார் வயர்மேன். இல்லை, சுழலும் திசை என்றேன். மோட்டாரை ஒரு நொடி போட்டு நிறுத்தச் சொன்னேன். அம்புக்கு நேர் எதிராகச் சுற்றியது!

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. எட்டு மாதம் முன்பு மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிவிட்டது. கட்டர் தலைகீழாகச் சுற்றியதும், பையன்கள் ரிவர்ஸ் லீவரைத் தள்ளிச் சரிசெய்துகொண்டார்கள். கட்டர் சரியாகிவிட்டது. ஆனால் கியருக்கு எண்ணெய் ஏற்றும் பம்பு மோட்டாரோடு நேராகச் சுற்றுவது. அது எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய் ஏறாது. எட்டு மாதமாக கியர்கள் காய்ந்து ஓடியிருக்கின்றன.

மெயினை அணைத்து, வயர்மேன் இரண்டு வயரை மாற்றினார். லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளி ஓடவிட்டோம். சற்று நேரத்தில் கண்ணாடி வழியாக எண்ணெய் சொட்டுவது தெரிந்தது. சூடு அடங்கியது. தேய்ந்தது தேய்ந்ததுதான், கொஞ்சம் சத்தம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் மெஷின் பிழைத்தது.

எல்லோரும் என் பிரெஞ்சைப் பாராட்டினார்கள். அது தேவையில்லை. "லீவர் இந்தப் பக்கம் இருக்கும்போது கட்டர் இப்படிச் சுற்ற வேண்டும், கண்ணாடியில் எண்ணெய் தெரியாவிட்டால் உடனே நிறுத்து" என்று மேஸ்திரி தமிழில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் என்னைக் கூப்பிட்டே இருக்க வேண்டாம்.

மேஸ்திரியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை யார் தேடுவார்கள் என்ற பயம் உழைப்பாளிக்கு நியாயமானது. அவர் உயிரோடு இருந்தபோதே மரியாதையோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஆபீசில் ஒருவர் மாற்றலாகிப் போனாலும் கோப்பில் குறிப்பு இருக்கும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து வேலையைத் தொடருவார். பட்டறைக்கு மட்டும் அது எதற்கு வேண்டாம்?

ஒரு நாற்பது பக்க நோட்டை மெஷினில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன். முதல் பக்கத்தில் தகடுகளின் தமிழ் அர்த்தம். இரண்டாவது பக்கம் பையன்கள் எழுதியது: தேதி, கோளாறு, செய்த வேலை.

நம் வயசுக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வீட்டு மோட்டார் ஆகட்டும், பத்திரம் ஆகட்டும், நமக்கு மட்டும் தெரிந்ததை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.