ஓட்டுக்குத் தமிழ், கணக்குக்கு மலையாளமா?

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் புளோக்கில், லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். டெங்கு கொசுவைப் பற்றியது. நாலு மொழியில் இருக்கிறது, அதில் ஒன்று தமிழ். பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. எனக்கு இந்த ஊரில் ஓட்டு கிடையாது. என் தயவு இங்கே எந்த அரசியல்வாதிக்கும் தேவையில்லை. இருந்தாலும் கொசு விஷயத்தைக்கூட என் மொழியில் சொல்கிறார்கள்.

அதே வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அக்கா வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரம். தொகுதி எம்எல்ஏ வீடு வீடாகக் கொடுத்த 'செய்த பணிகள்' நோட்டீஸ் அது. எட்டுப் பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. தமிழில் ஒரே ஒரு வரி? தேடிப் பார்த்தேன், இல்லை. (எந்த எம்எல்ஏ, எந்தக் கட்சி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கட்சி மாறினாலும் நோட்டீஸ் மாறியதாக எனக்கு நினைவில்லை.)

அம்மாவுக்கு போன் போட்டு, "நோட்டீஸ் வந்துச்சாமே, பாத்தியாம்மா?" என்றேன்.

"நல்ல தாளுடா தம்பி. அலமாரியில விரிச்சிருக்கேன்."

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அம்மா மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு இறங்கிவிட்டார். படித்தது அஞ்சாம் வகுப்பு, தமிழில். மலையிலும் சரி, இங்கேயும் சரி, ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. தேர்தல் வந்தால் தமிழ் போஸ்டர், தமிழ்ப் பேச்சு, ஆட்டோவில் தமிழ்ப் பாட்டு. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடியவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். ஓட்டுக் கேட்கத் தமிழ் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கணக்குச் சொல்லும்போது மட்டும் அது எப்படி மறந்து போகிறது?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "கேரளாவில் இருந்தால் மலையாளம் படிக்க வேண்டியதுதானே?"

படிக்கிறோம் சார். அந்த நோட்டீஸை எனக்கு வாசித்துக் காட்டியதே அக்கா மகள்தான். மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அறுபது எழுபது வயதுக்காரர்கள் இனிமேல் போய்ப் படிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இன்னொன்று, 1956 நவம்பர் 1-க்கு முன்னால் கேரளம் என்ற மாநிலமே கிடையாது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன, சித்தூர் கொச்சியில் இருந்தது. மொழிவாரியாகப் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின, இவை கேரளத்தில் நின்றன. இந்த ஜனங்களில் பல பேர் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போனது.

சட்டம் என்ன சொல்கிறது? கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறைகளை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் முறையிடலாம் என்கிறது. ஏட்டில் எல்லாம் பிரமாதம்.

நடைமுறை எப்படி என்பதற்கு ஒரு உதாரணம். 2021-ல் தேவிகுளம் எம்எல்ஏ ஏ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். நமக்கெல்லாம் பெருமை. அப்புறம் பார்த்தால், கையில் கொடுத்திருந்த தமிழ் வாசகத்தில் 'கடவுளின் பெயரால்' என்பதும் இல்லை, 'உளமார' என்பதும் இல்லை! பதவியேற்பே செல்லாமல் போய், மறுபடி உறுதிமொழி எடுத்து, சபையில் உட்கார்ந்த நாட்களுக்கு அபராதமும் கட்டினார். மொழிபெயர்த்தது அரசு, அபராதம் கட்டியது எம்எல்ஏ. ஒரு உறுதிமொழியைத் தமிழில் சரியாக எழுத ஆளில்லாத தலைநகரில், தமிழ் மனுவுக்குத் தமிழ்ப் பதில் வரும் என்று நான் நம்ப வேண்டுமாம் :-)

சரி, அந்த நோட்டீஸில் என்ன இருந்திருக்க வேண்டும்?

பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். இந்த வருஷம் எவ்வளவு வந்தது, கடைமடைக்கு எவ்வளவு போனது? பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை மூடியது 2004-ல். 216 கோடி ரூபாய் சேதம் என்று அரசு போட்ட குழுவே 2010-ல் சொன்னது. 2011-ல் சட்டசபை நிறைவேற்றிய நஷ்டஈட்டு மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

மலைக்குப் போனால் கேள்விகள் இன்னும் கனம். எஸ்.சி. சான்றிதழ் வேண்டுமானால், 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த தாத்தாவுக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? எம்எல்ஏவே இந்தச் சுழலில் மாட்டினார். ராஜாவின் தேர்தல் செல்லாது என்று 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை இரண்டு வருஷம் இழுத்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத கொழுந்துக்காரி மகன் எங்கே போவான்?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். அதற்குக் காரணம் மொழி என்று சொல்ல வரவில்லை. ஆனால் மலைச்சரிவு லயங்களில் இன்றைக்கும் ஜனங்கள் தூங்குகிறார்கள். மழை எச்சரிக்கையும், மாற்று வீடு பற்றிய தகவலும் அவர்களுக்குப் புரிகிற எழுத்தில் வர வேண்டாமா? 2015-ல் பெம்பிளை ஒருமைப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். கணக்குக் கேட்கத் தெரியாத ஜனங்கள் இல்லை அவர்கள்.

நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு இடுக்கி என்றாலே முல்லைப் பெரியாறும் 142 அடியும்தான். அங்கே வாழும் தமிழன் அணை தகராறு வந்தால் மட்டும் ஞாபகத்துக்கு வருவான். 2006-ல் தமிழைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டோமே, கூடலூர் மலையாளிக்கும் ஓசூர் தெலுங்குக்காரருக்கும் அப்போது எப்படி இருந்திருக்கும்? அவர்களுக்கு நியாயம் வேண்டும் என்று சொல்லாதவன் அம்மாவுக்காக நியாயம் பேசக் கூடாது. நான் இரண்டுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

வழவழ தாள் வேண்டாம். சட்டசபைக் கூட்டம் முடிந்ததும் இரண்டு பக்கம், சாதாத் தாளில், பாதி தமிழ். என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, தொகுதி நிதி எங்கே போனது. அவ்வளவுதான். ஒரு போட்டோவைக் குறைத்தால் மொழிபெயர்ப்புச் செலவு வந்துவிடும்.

நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. லீவில் ஊருக்குப் போகிறோம், சாக்லேட்டும் தைலமும் கொடுக்கிறோம், திரும்பி வருகிறோம். இந்தத் தடவை அம்மா சொல்லச் சொல்ல, எம்எல்ஏவுக்குத் தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். பதில் தமிழில் வேண்டும் என்றும் கடைசி வரியில் இருக்கும். எல்லைப்புறத்துக்காரர்கள் நீங்களும் எழுதுங்கள். நூறு மனு தமிழில் போனால், படிக்க ஒரு ஆளை வைத்துத்தானே ஆக வேண்டும்?

பி.கு: அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எழுது, எழுது. மொதல்ல தண்ணி என்னைக்கு வரும்னு கேளு" என்றார்.